அலமாரிக்கு அடங்கிய நரகம்

எங்கள் கம்பெனியில் தரக் குழு என்று ஒன்று இருந்தது. ஆறு பேர். ஆறு பேரில் ஒருத்தர்கூட வாழ்நாளில் வீடியோ கேம் விளையாடியது கிடையாது. இதைக் குறையென்று நினைத்துவிடாதீர்கள், அதுதான் அந்த வேலைக்குத் தகுதி. விளையாடத் தெரிந்தவனுக்கு ஆட்டத்தின் மேல் ஆசை வந்துவிடும், ஆசை வந்தவன் நடுநிலையாக இருக்கமாட்டான் என்பது குழுத் தலைவர் க்ளைட் ஹார்கிரோவின் சித்தாந்தம். இங்கே வருவதற்கு முன் அவர் ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியில் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அனுபவம் வீண்போகக் கூடாதென்று எங்கள் சேர்மன் அவரைக் கையோடு கூட்டிவந்து இந்த நாற்காலியில் உட்காரவைத்தார்.

என் பெயர் வேட். அங்கே கையேடு எழுதுகிறவன். டப்பாவைத் திறந்ததும் தரையில் விழுமே, யாரும் படிக்காத சின்னப் புத்தகம், அது என் கைங்கரியம். யாரும் படிக்காததை எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அவன் எதிரில் எல்லாரும் எல்லாவற்றையும் பேசுவார்கள்.

'நரக வாசல்' அப்போது நாட்டையே பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் ஆட்டம். திரையில் உங்கள் கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும். எதிரே இருட்டு நடைபாதை, கதவைத் திறந்தால் அரக்கன். எங்கள் ஊர் ரிச்சர்ட்சனிலிருந்து அரை மணி கார் தூரத்தில், ஒரு பல் டாக்டரின் மாடியில் உட்கார்ந்து நாலைந்து பையன்கள் பீட்சா தின்றுகொண்டே எழுதியது. டாலஸ் பக்கத்து ஆபீஸ்களில் மத்தியானம் ஃபோனை யாரும் எடுக்காமல் போனதற்கு அவர்கள்தான் பொறுப்பு. அந்த ஆட்டத்தை வீட்டு டிவியில் ஓடும்படி மாற்றி விற்கும் உரிமையை எங்கள் கம்பெனி வாங்கிவிட்டது. எங்கள் விளையாட்டுப் பெட்டியின் பெயர் ஆர்மடில்லோ. ஆபத்து வந்தால் தன்னைத் தானே சுருட்டிக்கொள்ளும் பிராணியின் பெயரை வைத்தவர்களுக்கு முன்யோசனை இருந்திருக்கிறது.

மாற்றி எழுதும் வேலை ரோண்டா ஸ்டபிள்ஃபீல்டுக்கு வந்தது. கம்ப்யூட்டரோடு பார்த்தால் ஆர்மடில்லோ ஒரு நோஞ்சான். அதில் இந்த ஆட்டத்தை முழு வேகத்தில் ஓட்டுவது யாராலும் ஆகாது என்று ஊரே சொன்னது. அந்தக் காலத்தில் இந்தத் தொழிலில் எல்லாரும் செய்த திருட்டு வேலை ஒன்று உண்டு. படத்தைச் சின்னதாக்கிச் சுற்றிலும் பட்டையாக ஓரம் கட்டிவிடுவது. படம் சின்னதானால் பெட்டிக்கு வேலை குறையும், வேகம் கூடும். அப்படிச் செய்கிறவர்களைக் கண்டாலே ரோண்டாவுக்கு ஆகாது. "முடியலன்னா முடியலன்னு சொல்லிட்டுப் போகணும். ஜன்னலை அடைச்சுட்டு வீடு சின்னது, பெருக்க சுலபம்னு சொல்றதா?" என்பாள்.

அவளுக்கு இதில் ஒரு காரியம் இருந்தது. முன்னால் மூன்று ஆட்டம் மாற்றிக் கொடுத்திருந்தாள். மூன்றிலும் அவள் பெயர் எங்கேயும் வரவில்லை. பெயர் போட்டால் ஆளைப் பக்கத்துக் கம்பெனி தூக்கிக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் கம்பெனியின் பயம். பல் டாக்டர் மாடிப் பையன்களில் மூத்தவன் ட்ராவிஸ் கொவாரிக் அவளிடம் சொல்லியிருந்தான்: முழுத் திரையில், முழு வேகத்தில் கொண்டுவா, உன் பெயரோடு வரட்டும், அடுத்த ஆட்டத்துக்கு எங்களோடு வந்து உட்கார். ரோண்டா நேரே போய் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கவைத்தாள். அவள் பெயர் திரையில் வரவேண்டும், படிக்கிற மாதிரி வரவேண்டும். அது இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஆகஸ்டில் வேலையை முடித்தாள். நான் என் கண்ணால் பார்த்தேன். முழுத் திரை, ஒரு விரல்கடை ஓரம் இல்லை. அந்த நோஞ்சான் பெட்டி புகை விடாமல் ஓடியது. கதவு திறந்து அரக்கன் வந்ததும் என் கையிலிருந்த ஐஸ் டீ சட்டையில் கொட்டியது. ரோண்டா சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஆட்டம் தரக் குழுவுக்குப் போனது. அவர்கள் முத்திரை குத்தாமல் ஆர்மடில்லோவில் எதுவும் வெளிவர முடியாது.

சோதனை அறையின் நடைமுறை இது. முதலில் க்ளைட் தலை குனிந்து ஒரு ஜெபம் சொல்வார். பிறகு வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஆட்டம் பதிந்த தட்டைப் பெட்டியில் வைப்பார். ஆறு பேரும் கை கட்டி உட்கார்ந்து டிவியைப் பார்ப்பார்கள். பொத்தான் எதையும் யாரும் தொடக் கூடாது. பொத்தானை அமுக்கினால் ஆட்டம் மாறிவிடும், மாறிப்போன ஆட்டத்துக்கு முத்திரை தரமுடியாது. எனவே 'நரக வாசல்' நாயகன் இருட்டு நடைபாதையில் பேசாமல் நின்றான். அரக்கன் வந்தான், கடித்தான், நாயகன் செத்தான். குழு இதை மூன்று தடவை பார்த்தது. நாயகனுக்குச் சுறுசுறுப்பு போதாது என்று எழுதித் திருப்பி அனுப்பியது.

ரோண்டா பல்லைக் கடித்துக்கொண்டு, பொத்தானைத் தொடாமலே ஆட்டம் தானாக விளையாடிக் காட்டும்படி ஒரு காட்சியைச் சேர்த்தாள். இரண்டாம் தடவை குழுவுக்கு நாயகனைப் பிடித்துவிட்டது. ஆனால் வேறொன்று இடித்தது. திரையின் அடியில் நாயகனுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் எண் தெரியவில்லை. துப்பாக்கி தெரியவில்லை. இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டிருந்தன. படம் திரைக்கு வெளியே போகிறது, நிராகரிக்கப்படுகிறது.

அவளுக்குப் புரியவில்லை. பழைய டிவிகளில் ஓரம் கொஞ்சம் மறையும், அதற்கென்று சிறு இடம் விடுவது வழக்கம், அதை அவள் விட்டுத்தான் இருந்தாள். கம்பெனியில் இருந்த எல்லா டிவியிலும் போட்டுப் பார்த்தாள், எல்லாவற்றிலும் சரியாக இருந்தது. கடைசியில் சோதனை அறைக்கே போய்ப் பார்த்துவிடுவோம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அறையின் நடுவே ஒரு மர அலமாரி. மெஸ்கீட் மரம், செதுக்கு வேலை, உச்சியில் நீண்ட கொம்புகளோடு ஒரு மாட்டுத் தலை. நடுவில் சதுரமாக ஒரு துவாரம். துவாரத்துக்குப் பின்னால் டிவி. கம்பெனி தொடங்கிய வருஷம் சேர்மனின் மைத்துனர் தன் கையால் இழைத்து அன்பளிப்பாகக் கொடுத்தது. அப்போது இருந்த சின்ன டிவிக்கு அளவெடுத்து வெட்டிய துவாரம். அதற்குப் பிறகு கம்பெனி வளர்ந்தது, டிவியும் வளர்ந்தது. ஒவ்வொரு தடவையும் புது டிவியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். துவாரம் மட்டும் அப்படியே இருந்தது. டிவியின் நாலு ஓரமும் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தன.

ரோண்டா குனிந்து பார்த்தாள், பின்னால் போய்ப் பார்த்தாள், திரும்பி முன்னால் வந்தாள். அவள் சந்தோஷப்பட்டாள், பாவம். விஷயம் தீர்ந்தது என்று நினைத்துவிட்டாள். க்ளைட் உள்ளே வந்ததும், டிவியை வெளியே எடுத்துத் தரையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மரியாதையாகவே சொன்னாள். மரம்தான் சார் மறைக்குது என்றாள்.

க்ளைட் அவளை உட்காரச் சொன்னார். தானும் உட்கார்ந்தார்.

"கண்ணு, நீ கெட்டிக்காரி. ஆனா உனக்கு அனுபவம் பத்தாது. ஒவ்வொரு வீட்லயும் ஒவ்வொரு டிவி இருக்கும். ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. ஊர்ல இருக்கிற டிவியையெல்லாம் பார்த்துக்கிட்டா நாம தரம்னு எதைச் சொல்றது? இந்த அலமாரி மாறவே மாறாது. எட்டு வருஷமா நான் பார்க்கிறேன், ஒரு நூலிழை நகரல. அதனாலதான் இது தரம். டிவிங்க வரும், போகும்."

ஆனா சார், ஜனங்க வீட்ல அலமாரி இல்லையே என்று கேட்டாள் ரோண்டா.

"அது அவங்க குறை" என்றார் க்ளைட்.

நான் கையேட்டுக்குக் குறிப்பெடுப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

ரோண்டா மேலே போய் முறையிட்டாள். மேலே இருந்தவர் விற்பனைத் துணைத் தலைவர் டாட் வென்ஸல். பரந்த மனசுக்காரர். யார் வந்து எதைச் சொன்னாலும் பாதியிலேயே புரிந்துகொண்டு, மீதியைத் தானே செய்துவிடுவார். சோதனை அறை டிவியில் படம் சரியாகத் தெரியவில்லை என்பதுவரைதான் அவர் கேட்டார். நம் ஊர்ப் பெண் ஒருத்தி இவ்வளவு கஷ்டப்பட்டு வேலை செய்திருக்கிறாள், அவளுக்கு ஒரு நல்ல டிவி இல்லையா என்று மனசு தாங்காமல், மறுவாரமே கடையில் இருந்ததிலேயே பெரிய டிவியை வரவழைத்துவிட்டார். நாலு பேர் தூக்கி வந்தார்கள். அலமாரிக்குப் பின்னால் வைத்தார்கள். அதைக் கொண்டாட டோனட் வந்தது, வென்ஸல் ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தார். தரம் என்று வந்தால் இந்தக் கம்பெனி அளவைப் பார்க்காது என்றார். கை தட்டினோம்.

அந்தப் பெரிய டிவியில் துவாரத்தின் வழியாகத் தெரிந்தது அரக்கனின் மூக்கு.

இப்போது குழு கறாராகச் சொல்லிவிட்டது. படம் முழுவதும் துவாரத்துக்குள் தெரியவேண்டும். ரோண்டா மாட்டேன் என்றாள். அப்படிச் செய்தால் வீடுகளில் படம் திரை நடுவில் ரொட்டித் துண்டு அளவுக்குத்தான் இருக்கும், இது நான் செத்தாலும் செய்யாத வேலை என்றாள். வென்ஸல் வருத்தத்தோடு, ஒஹையோவில் ஒரு பையன் இருக்கிறான், அவன் எதையும் கேள்வி கேட்காமல் செய்வான் என்று தெரிவித்தார். அப்படிக் கைமாறினால் ஒப்பந்தமும் போகும், பெயரும் போகும், அவள் எழுதிய அத்தனையும் அந்தப் பையன் பேரில் போகும்.

அன்று மத்தியானம் என் மேஜையோரம் வந்து நின்றாள். சோளச் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து அதன் மேல் மிளகாய்க் கறியை ஊற்றித் தின்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றாள்.

"வேட், வேகமா ஓடுறதுக்குத்தான் எல்லாரும் படத்தைச் சுருக்குவாங்க. என்னோடது ஏற்கெனவே வேகமா ஓடுது. நான் எதுக்குச் சுருக்குறேன்?"

"அலமாரிக்காக" என்றேன்.

"இதை வெளிய யார்கிட்டயாவது சொன்னா நம்புவாங்களா?"

நம்பமாட்டார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. பொட்டலத்தை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்ப் படத்தைச் சுருக்கினாள். நான் கையேட்டில், படம் நன்றாகத் தெரிய டிவிக்கு அருகில் உட்காரவும் என்று ஒரு வரி சேர்த்தேன். சட்டப் பிரிவு அதைப் படித்துவிட்டு, கண்ணுக்குக் கெடுதல், டிவிக்கு அருகில் உட்காரக் கூடாது என்று அடுத்த வரியைச் சேர்த்தது. இரண்டு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாயின.

மிச்சம் இருந்தது பெயர். ஆட்டம் தொடங்கும் முன் முதல் திரையில் தன் பெயரைச் சின்னதாக வைத்திருந்தாள். குழு அதைப் பார்த்து முகம் சுளித்தது. முதல் திரையில் கம்பெனிச் சின்னம் இருக்கிறது, சேர்மனின் வாழ்த்து இருக்கிறது, ஒரு வேலைக்காரியின் பெயருக்கு அங்கே என்ன வேலை. ஆனால் ஒப்பந்தத்தில் வரி இருந்தது. பெயர் திரையில் வந்தே ஆகவேண்டும்.

இந்தச் சிக்கலை க்ளைட் தீர்த்த அழகை இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் பேசுகிறார்கள், பேசாவிட்டால் நான் பேசுவேன். படத்தைச் சுற்றி நாலு பக்கமும் இப்போது காலி ஓரம் இருக்கிறது. அந்த ஓரம் யார் கண்ணிலும் படப்போவதில்லை, சோதனை அறையில் பார்த்தாயிற்று. முக்கியமில்லாததை வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பெயரை அங்கே தூக்கிப் போட்டால் ஒப்பந்தத்துக்கும் சரி, ஆளும் யாருக்கும் தெரியமாட்டாள். படிக்கிற மாதிரி இல்லை என்று பிறகு வழக்குப் போட்டுவிடக் கூடாதே என்று சட்டப் பிரிவு சொன்னதால், எழுத்தைப் பெரிதாக, சிவப்பில், ரத்தம் சொட்டுகிற மாதிரி போட ஓவியப் பிரிவுக்குச் சொன்னார்கள். நாலு பக்கத்திலும் போடச் சொன்னார்கள். ஆட்டம் முடியும்வரை அது அங்கேயே இருக்கும், ஓரம் அழியாதல்லவா. "எவ்வளவு பெருசா வேணும்னாலும் போட்டுக்கட்டும், நமக்கு என்ன வந்துச்சு" என்றார் க்ளைட், தாராளமாக.

ரோண்டாவுக்கு இது தெரியவந்தது முத்திரை குத்தியபிறகு. ஓவியப் பிரிவுக்காரன் தட்டைப் போட்டுக் காட்டினான். திரை நடுவில் ரொட்டித் துண்டு அளவுக்கு நரகம். அதைச் சுற்றி மேலே ரோண்டா ஸ்டபிள்ஃபீல்ட், கீழே ரோண்டா ஸ்டபிள்ஃபீல்ட், இரண்டு பக்கமும் செங்குத்தாக ரோண்டா ஸ்டபிள்ஃபீல்ட்.

வாழ்க்கை முழுக்கத் தன் பெயரைப் போடச் சொல்லிப் போராடிய அந்தப் பெண், சோதனை அறைக்கு ஓடிப்போய்த் தன் பெயரை எடுத்துவிடும்படி கெஞ்சினாள். நான் வாசலில் நின்று கேட்டேன். பேரே வேண்டாம் சார், ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன், எடுத்துடுங்க என்றாள். 

க்ளைட் வருத்தப்படத்தான் செய்தார். முத்திரை குத்திய ஆட்டத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் மறுபடி குழு கூடவேண்டும், ஜெபத்திலிருந்து தொடங்கவேண்டும், குழு ஜனவரியில்தான் கூடும், ஆட்டம் நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முன்னால் கடைக்குப் போகவேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு அவள் தோளில் தட்டினார். "எதுக்கும்மா அழற? யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?"

நாட்டில் எத்தனை வீட்டில் ஆர்மடில்லோ இருந்ததோ அத்தனை வீட்டிலும் தெரிந்தது. பத்திரிகைகள் பிய்த்து எடுத்துவிட்டன. வேகத்துக்காகப் படத்தைச் சுருக்கும் பழைய திருட்டை இவ்வளவு வெட்கமில்லாமல் யாரும் செய்ததில்லை, செய்தவர் அதைச் சுற்றித் தன் பெயரையும் பொறித்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு பத்திரிகை எழுதியது. கடையில் பையன்கள், ரோண்டா ஆட்டம் இருக்கா என்று கேட்டார்கள். எவனும் 'நரக வாசல்' என்று சொல்லவில்லை.

கம்பெனிக்கு இதில் எந்தச் சேதமும் இல்லை. தொடர்ந்து ஒன்பதாவது வருஷமாக எந்த ஆட்டமும் துவாரத்துக்கு வெளியே போகவிடாததற்காகக் குழுவுக்குக் கேடயம் கொடுத்தார்கள். பிரிஸ்கெட் மாட்டுக்கறி விருந்து. கேடயத்தை அலமாரியின் மேல், மாட்டுத் தலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

விருந்துக்கு மறுநாள் ட்ராவிஸ் கொவாரிக்கிடமிருந்து ரோண்டாவுக்கு ஃபோன் வந்தது. அவள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கினாள். தனியாகக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

"உன் பேரை எல்லாரும் நல்லா பாத்தோம் ரோண்டா" என்றான் அவன். "ஆட்டத்தைத்தான் இன்னும் தேடிக்கிட்டு இருக்கோம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ரோண்டா அவசரப்படாமல் எல்லாவற்றையும் சொன்னாள். முழுத் திரையில் முழு வேகத்தில் ஓடியதைச் சொன்னாள், அலமாரியைச் சொன்னாள், மைத்துனரைச் சொன்னாள், பெரிய டிவியைச் சொன்னாள். நானும் குறுக்கே புகுந்து, நான் சாட்சி, என் சட்டையில் டீ கொட்டியது என்றேன். 

"பெட்டி மேல பழி போடுவாங்க, கம்பெனி மேல பழி போடுவாங்க, கேட்டிருக்கேன்" என்றான் ட்ராவிஸ். "மர பீரோ மேல பழி போட்ட ஆளை இப்பதான் பாக்குறேன். சரி, உடம்பைப் பாத்துக்க."

வெள்ளிக்கிழமை அவள் மேஜையைக் காலி செய்தாள். ஊரே பள்ளிக்கூட ஃபுட்பால் ஆட்டத்துக்குக் கிளம்பிப் போயிருந்தது. போகிற வழியில் அவள் சோதனை அறைக்குள் போனாள். எதையும் உடைக்கவில்லை. அந்தப் பெரிய டிவியைப் பின்பக்கமாக இழுத்து, நானும் ஒரு கை கொடுத்தேன், அலமாரிக்கு முன்னால் தரையில் வைத்தாள். ஆர்மடில்லோவை இணைத்து, தானாக விளையாடும் காட்சியை ஓடவிட்டாள். திங்கட்கிழமை வந்து ஒரு தடவையாவது கண்ணைத் திறந்து பார்க்கட்டும் என்றாள். காரில் ஏறிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை நான் வேண்டுமென்றே அங்கே போய் நின்றேன். அப்படியொரு காட்சியைத் தவறவிட எனக்கு மனசில்லை. ஆறு பேரும் காபிக் கோப்பையோடு உள்ளே வந்தார்கள். தரையில் அவ்வளவு பெரிய டிவி, அதன் நடுவில் ரொட்டித் துண்டு அளவுக்கு நரகம், சுற்றிலும் அகலமான ஓரம். ஓரம் என்றால் என்னவென்று அவர்கள் முதல்முறையாகப் பார்த்தார்கள். யாரும் காபியைக் குடிக்கவில்லை.  இதோ, இப்போது புரிந்துவிடும் என்று நினைத்தேன்.

க்ளைட் குனிந்து டிவியை வெகுநேரம் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இவ்வளவு இடத்தை வீணடிச்சிருக்காங்களே. இதுக்கு நாம முத்திரை குத்தினோமா? யார் பண்ண வேலை இது?"

யாரையும் விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. பதில் திரையிலேயே நாலு பக்கமும், ரத்தம் சொட்டச் சொட்ட எழுதியிருந்தது.

"நெனச்சேன்" என்றார் க்ளைட். "அந்தப் பொண்ணு முதல்லேர்ந்தே டிவி மேலதான் குறை சொல்லிக்கிட்டு இருந்தா. சரி சரி, எல்லாரும் வந்து ஒரு கை பிடிங்க, இதைத் திரும்ப உள்ள தள்ளுங்க."

ஆறு பேரும் காபியைக் கீழே வைத்துவிட்டு டிவியைத் தூக்கி அலமாரிக்குப் பின்னால் தள்ளினார்கள். ஓரமெல்லாம் மரத்துக்குப் பின்னால் போனது, பெயரும் போனது. துவாரம் நிறைய, ஒரு நூலிழை பிசகாமல், இருட்டு நடைபாதையும் துப்பாக்கியும் உயிர் எண்ணும் தெரிந்தன. கதவு திறந்தது, அரக்கன் முழு வேகத்தில் பாய்ந்து வந்தான்.

க்ளைட் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "இப்ப பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கு" என்றார்.